அம்மா கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு கேரவன்: ஆலோசனை வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். நான், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு வாண்டுகள், முழங்கால் வலியோடு அம்மா. பழைய டெம்போ டிராவலர் ஒன்று வாங்கி கேரவனாக மாற்றலாம் என்று யோசனை. இதுதான் முதல் தடவை.

என் கவலையெல்லாம் படுக்கைதான். போன வாரம் ஒரு வண்டியைப் பார்த்தோம். சோபாவை இழுத்தால் கட்டில் ஆகுமாம். நான் ஐந்தடி பத்து அங்குலம். குறுக்கே படுத்தேன், தலை ஒரு பக்கம் இடித்தது, பாதம் இன்னொரு பக்கம். அப்போ நீளவாக்கில் கட்டில் போட்டால் நடக்க இடம் மிஞ்சுமா? பிள்ளைகளுக்கு மேல் பரண் சரி, அம்மாவால் ஏணி ஏற முடியாது. ராத்திரி பாத்ரூம் போக யாரையும் தாண்டாமல் அவர் இறங்கவும் வேண்டும்.

அடுத்தது ஏசி. நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில் அது இல்லாமல் தூக்கமா! 12 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி என்றால் அதில் இருப்பது 2.4 யூனிட் மின்சாரம்தான். ஒரு கிலோவாட் இழுக்கும் ஏசிக்கு இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. விடிய விடிய ஓட்டுபவர்கள் என்ன செய்கிறீர்கள்?

நீளமான வண்டியை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆர்சி புத்தகத்தில் மாற்றத்தைப் பதியாமல் விட்டால் இன்சூரன்ஸ் சிக்கல் என்கிறார்கள், அதனால் ஆர்டிஓ அனுமதி வாங்கிய அனுபவமும் தேவை. மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வழி தெரிந்தால் அதையும்.

உங்கள் வண்டிக் கட்டிலின் நீள அகலம் போட்டால் புண்ணியமாகப் போகும்.