பஞ்ச் கார்டு காலத்து ஆஸ்பத்திரி ஆட்கள் யாராவது இருக்கீங்களா?

குழித்துறைக்காரன்:
எழுபதுகளின் கடைசி. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ், பஞ்ச் ரூம் வேலை. வாய்ப்புற்று ஆய்வுக்கான படிவம் வரும், அதுல உள்ளதைக் கம்ப்யூட்டர் படிக்கறதுக்காக அட்டைக் கார்டுல ஓட்டை ஓட்டையா குத்தணும், ஒரு பத்திக்கு ஒரு இலக்கம். வயதுக்கு ரெண்டு பத்தி, வயது தெரியாதவங்களுக்கு 99. நோய் இல்லாதவங்க வரிசையில விளவங்கோடு பக்கத்துப் பாட்டி ஒருத்தர். வயது நிஜமாவே 99. பேரன் ஜாதகத்தையே கொண்டு வந்துட்டார். டாக்டரம்மா பென்சிலை எடுத்து 98னு திருத்தினாங்க. பாட்டி வராந்தா பெஞ்சுல வெற்றிலை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. "மக்களே, எனக்க வயசக் கூட்டியா போட்டே?" குறைச்சுத்தான்னு சொன்னேன். பொக்கை வாய் தெரிய ஒரு சிரிப்பு. பிறகு அச்சுல வந்த கட்டுரையிலயும் 98தான். அது இன்னும் உறுத்துது.

பாறசாலை ஜோஸ்:
இதுல உறுத்த என்ன இருக்கு அண்ணாச்சி? வயதுக்கு மூணு பத்தி விட்டிருந்தா தீர்ந்தது. இல்ல, தெரியாத வயசைக் காலியா விட்டிருக்கணும். திட்டம் போட்டவங்க யோசிக்கல.

மீனா, சித்தூர்:
ஜோஸ் தம்பி, கார்டுல மொத்தமே 80 பத்தி. அது நிறைஞ்சா ரெண்டாவது கார்டு, அதுலயும் நோயாளி எண்ணைத் திரும்பக் குத்தணும். ஒரு பத்திக்கே அடிதடி நடக்கும். காலியா விடறதா? அப்போ நாங்க புரோகிராம் எழுதின ஃபோர்ட்ரான் மொழி காலி இடத்தை 0ன்னு படிக்கும். எங்க பட்டியல்ல ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருத்தர் பச்சைக் குழந்தைகளோட நின்னார். 99 வந்ததே அதனாலதான்.

என் கதை செக்போஸ்ட். எங்க காலேஜ்ல கம்ப்யூட்டர் கிடையாது, மெட்ராஸ் போய் ஓட்டிக்கிட்டு வரணும். (அங்க ஐஐடியில ஐபிஎம் 370 கம்ப்யூட்டர் வந்தது 1973ல.) புத்தூர் வழியா பஸ், மடியில கார்டுப் பெட்டி. எல்லையில கான்ஸ்டபிள் பெட்டியைத் திறந்து, ஒரு கார்டை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஓட்டை வழியா என்னைப் பார்த்தார். "ஏமிட்டம்மா இதி, லாட்டரியா?" ஆஸ்பத்திரி கணக்குன்னு சொன்னதும் விட்டுட்டார். ஆனா அந்தக் கார்டோட பின்பக்கம் பஸ் நம்பரைக் குறிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். கேட்க எனக்குத் தைரியம் வரல. மெட்ராஸ்ல வந்த பட்டியல்ல ஒரு டைஃபாய்டு நோயாளி குறைவு.

பாறசாலை ஜோஸ்:
கார்டுக் கட்டோட மேல் விளிம்புல சாய்வா ஒரு கோடு போட்டிருந்தா எந்தக் கார்டு போச்சுன்னு தெரிஞ்சிருக்குமே?

மீனா, சித்தூர்:
கோடு இருந்துச்சு தம்பி. கட்டு கலைஞ்சா அடுக்கத்தான் அது உதவும். ஒண்ணே ஒண்ணு போனா கண்ணுக்குத் தெரியாது.

ரெக்கார்டு ரூம் ராஜம்:
நான் அதுக்கு அப்புறம், பிசியில டிபேஸ்ங்கற புரோகிராம்ல நோயாளி பட்டியல் வெச்ச காலம். ஒரே ஆள் நாகர்கோவில்ல இருந்து வந்தப்ப அப்பா பேரை இனிஷியலா சொல்லியிருக்கார், நெய்யாற்றின்கரை மகள் வீட்டுல இருந்து வந்தப்ப மருமகனோட வீட்டுப்பேர். ரெண்டு நம்பர், ரெண்டு ஃபைல். ஒண்ணுல பென்சிலின் ஒத்துக்காதுன்னு சிவப்பு மையில இருக்கு, இன்னொண்ணுல இல்ல. அந்த இல்லாத ஃபைல்தான் அன்னிக்கு வார்டுக்குப் போச்சு. நர்ஸ் ஊசியோட நிக்கறப்ப அவரே கையை இழுத்துக்கிட்டு "வேண்டாம்"னு கத்தினார். அவ்வளவுதான்.

பழைய ஃப்ளாப்பி வெச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சை பிடிச்சிருக்கும். உறைக்குள்ள தெரியற தட்டுல வெள்ளையா புள்ளி இருந்தா டிரைவ்ல போடாதீங்க, டிரைவோட படிக்கற ஹெட் அழுக்காகி அடுத்த ஃப்ளாப்பியும் பாழாகும். 360 கேபி ஃப்ளாப்பியை 1.2 எம்பி டிரைவ்ல படிக்கலாம், எழுதாதீங்க. தடம் ஒல்லியா விழும், பழைய டிரைவ் அதைப் படிக்கத் திணறும். முதல்ல முழு நகல், பிறகு நகல்லதான் வேலை. டிபேஸோட டிபிஎஃப் ஃபைலை இலவச லிப்ரெஆஃபிஸே திறக்கும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். திறந்ததும் நோயாளி பேர் இருக்கற பத்தியை அழிச்சுட்டு அப்புறம் மத்தவங்களுக்கு அனுப்புங்க.

பாறசாலை ஜோஸ்:
ராஜம் அக்கா, இங்க ஃப்ளாப்பி பத்தி யார் கேட்டா?