'கம்ப்யூட்டர் போயிடுச்சு' என்று போன் வந்தால்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். நான் எஞ்சினியரெல்லாம் கிடையாது, ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். எப்போதோ ஒரு வீட்டில் ஸ்பீக்கர் ஒயரைச் சரியான ஓட்டையில் செருகிக் கொடுத்ததிலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வருகிற போனெல்லாம் 'தம்பி, கம்ப்யூட்டர் போயிடுச்சு' என்றுதான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. மானிட்டர் ஒயர் லூஸாக இருக்கும், இல்லை வீடு பெருக்கும்போது பின்பக்கத்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஸ்விட்ச்சில் கை பட்டு ஆஃப் ஆகியிருக்கும். ஆனால் அதற்குள் அந்த வீட்டில் 'நீதானே கடைசியா தொட்டே' என்று ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு சார் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். 11,000 வோல்ட் லைன் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மனிதர், லேப்டாப் 'பாஸ்வேர்டு தப்பு' என்று சொன்னதும் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "யாரோ ஹேக் பண்ணிட்டாங்கப்பா, பேங்குக்குப் போய்ச் சொல்லிடலாமா?" என்றார். பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் உள்ளே என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும், பாஸ்வேர்டை அடித்துவிட்டு அதை அமுக்கிப் பாருங்கள் சார் என்றேன். 'யூ' அடித்த இடத்தில் 4, 'ஐ' அடித்த இடத்தில் 5, 'ஓ' அடித்த இடத்தில் 6. தனி நம்பர் பேட் இல்லாத பழைய சின்ன லேப்டாப்களில் 'நம் லாக்' (Num Lock) கீ ஆன் ஆகிவிட்டால் வலது பக்கத்துச் சில எழுத்துகள் எண்களாக மாறிவிடும். பேரன் கீபோர்டில் விளையாடியிருக்கிறான், அவ்வளவுதான் ஹேக்கர். எஃப்என் (Fn) கீயோடு 'நம் லாக்' கீயை அவரையே அமுக்க வைத்தேன், திறந்துகொண்டது. அப்புறம் ஒருமுறை ஆன் செய்து, கெடுத்து, மறுபடி சரி செய்து காட்டச் சொன்னேன். இரண்டாவது தடவை சிரித்துக்கொண்டே செய்தார்.

நான் பிடிவாதமாக வைத்திருக்கும் பழக்கம் இதுதான்: மௌஸை அவர்கள் கையிலிருந்து வாங்குவதில்லை. வாங்கினால் அரை நிமிஷத்தில் முடிகிற வேலை இதனால் கால் மணி நேரம் இழுக்கும், உண்மைதான். ஆனால் நாம் சட்டென்று செய்துகாட்டினால் அவர்கள் பயம் குறைவதில்லை, 'இதெல்லாம் நமக்கு வராது' என்பது இன்னும் உறுதியாகிவிடுகிறது.

இன்னொன்று, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது என்று ஒரு அக்கா கூப்பிட்டார். வைரஸ் என்று முடிவே கட்டிவிட்டார். திரையின் வலது கீழ் மூலையைப் படிங்க அக்கா என்றேன். தேதி பல வருஷம் பின்னால் ஜனவரி 1-இல் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு வெப்சைட்டின் சான்றிதழுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. நம் கடிகாரம் பழைய வருஷத்தில் நின்றால் அந்தச் சான்றிதழெல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோனால் பழைய டெஸ்க்டாப்களில் இப்படி ஆகும். தேதியை மாற்றினால் அப்போதைக்கு ஓடும், கரண்ட் போய் வந்தால் மறுபடி பழைய கதைதான், பேட்டரியை மாற்றியே ஆகவேண்டும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், எழுதுங்கள்.

———

நான் புனேயில், அம்மா தஞ்சாவூரில். எனக்கு மௌஸைப் பிடுங்கும் வசதியே இல்லை, எல்லாம் போனில்தான்.

"திரையில என்ன எழுதியிருக்கும்மா, படி."
"ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சுடி, நான் ஓகே குடுத்துட்டேன்."

இந்த உரையாடல் இல்லாத வாரம் கிடையாது. அம்மா தினம் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டி வந்துவிட்டால் அதைப் படிக்கக்கூடாது, முதலில் விரட்டவேண்டும் என்றே நினைக்கிறார். ஆகவே இப்போது ஒரே சட்டம் வைத்திருக்கிறேன், எதையும் மூடுவதற்கு முன் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பாதிப் பிரச்சினை அந்த போட்டோவிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒருநாள் சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பரைக் கூப்பிடு என்று ஒரு குரல் கத்தியிருக்கிறது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்துதான் போன், குரலே வரவில்லை, "ஏண்டி, அப்பா பென்ஷன் காசெல்லாம் போயிடுச்சா?" என்கிறார்.

அவர் செய்தது சரிதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அது வைரஸே இல்லை, வெறும் வெப் பக்கம், முழுத்திரையாக விரிந்து மூடவிடாமல் மிரட்டும். எஸ்கேப் கீயை அமுக்கிப் பிடித்தால் முழுத்திரை போகும், அல்லது ஆல்ட்டும் எஃப் 4-உம் சேர்த்து அமுக்கினால் பிரவுசரே மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லவேண்டும். அந்த நம்பரைக் கூப்பிட்டிருந்தால்தான் ஆபத்து, எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கவிடும் ஒன்றை ஏற்றச் சொல்லி உள்ளே வந்துவிடுவார்கள். அப்படிப் பணம் போனால் கூப்பிடவேண்டிய 1930 என்ற எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

அப்புறம் ஒன்று, 'நான்தான் சொன்னேனே' என்ற வார்த்தையை நான் விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் அடுத்த தடவை அம்மா என்னிடம் மறைப்பார்.

———

நான் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். என்னிடம் வருபவர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கி வரமாட்டார்கள், பென்டிரைவோடுதான் வருவார்கள். ஒரு காலேஜ் பெண், நாளைக்கு புராஜெக்ட் சமர்ப்பிக்கவேண்டும், பென்டிரைவில் இருந்ததெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது, கிளிக் செய்தால் திறக்கவில்லை என்று கண்ணில் தண்ணீரோடு நிற்கிறது. கூட வந்த பையன் 'ஃபார்மட் அடிச்சிட்டா சரியாகிடும்' என்று ஆலோசனை வேறு. அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

நான் முதலில் எதையும் சரி செய்யவில்லை. பென்டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைக் காட்டினேன். "இங்க பாரும்மா, 6 ஜிபி நிரம்பியிருக்குன்னு காட்டுது. உன் ஃபைல் எங்கயும் போகல, ஒளிச்சுத்தான் வச்சிருக்கு." அதற்கப்புறம்தான் அந்தப் பெண் மூச்சே விட்டது. இந்த வகை வைரஸ் ஃபைலை அழிக்காது, மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். அந்த ஷார்ட்கட்டைத் திறந்தால் அடுத்த கம்ப்யூட்டருக்கும் தாவும். ஆகவே அதைத் தொடாமல், வியூ பகுதியில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று கொடுக்கவேண்டும். அதிலும் தெரியவில்லை என்றால் சிஸ்டம் ஃபைல் என்று முத்திரை குத்தியிருக்கும், கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் அட்ரிப் (attrib) கட்டளையால் அந்த முத்திரையை எடுக்கலாம். நல்ல ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுத்த பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்துகொள்ளலாம், முன்னால் கூடாது. எங்களை மாதிரிக் கடைகளில்தான் இது பரவுகிறது என்பதும் உண்மை, நான் வருகிற ஒவ்வொரு பென்டிரைவையும் ஸ்கேன் செய்தபிறகே திறக்கிறேன்.

இன்னொரு பயம், பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக்கிடக்கும். வைரஸ் தின்றுவிட்டது என்றே எல்லோரும் சொல்வார்கள். வானவில் ஔவையாரில் அடித்ததை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அப்படித்தான் தெரியும். ஃபான்ட்டை ஏற்றினால் தமிழ் வந்துவிடும், எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவைத்துவிட்டால் இனித் தொல்லையே இல்லை.

———

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் அது பாமினி. கோயில் நிர்வாகசபைக் கணக்கு முழுக்கப் பாமினியில் இருந்தது, புதுக் கணினி வாங்கினவுடன் எல்லாம் குழம்பிப்போய் விட்டது என்று ஒரு ஐயா இரவிரவாக நித்திரை இல்லாமல் இருந்தவர். எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தேன், வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு கனபேர் வந்தவை.

———

ஃபார்மட் அடிப்பவர்களைத் திட்டுகிறீர்கள், நான் அந்த ஆள். கோயம்புத்தூரில் சர்வீஸ் செய்கிறேன். கடையில் வரிசையாக ஆள் நிற்கும்போது மௌஸை அவர்கள் கையில் கொடுத்துச் சொல்லித்தர எனக்கு நேரம் கிடையாது, இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் ஃபார்மட் செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன், "சி டிரைவ்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?" எல்லோரும் இல்லை என்பார்கள். "டெஸ்க்டாப்ல?" என்றால் "ஆமா, கல்யாண போட்டோ பூரா அங்கதான்" என்பார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சாதாரணமாக சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் இந்த மூன்றையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது: ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தி டிஸ்ப்ளே வரவில்லை என்றால் பல நேரம் ரேம் என்கிற மெமரி அட்டைதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் டிக் என்று மூடும்படி திரும்பச் செருகுங்கள். செய்யக்கூடாதது: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறப்பது. பல்லி உள்ளே போய்ச் செத்திருந்தாலும் சரி, திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். லேசர் பிரிண்டரை வீட்டு யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடாகும்போது அது இழுக்கிற மின்சாரத்தை அந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது பெரியவர்கள் பலர் வந்து 'அன்னிக்கு ராத்திரியே நின்னுடுமா' என்று கேட்டார்கள். நிற்காது. வழக்கமான பாதுகாப்பு அப்டேட்தான் நிற்கும், அதற்கும் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், பழைய மெஷின் பலவற்றில் அது இருக்காது. சிலதில் இருந்தும் பயாஸில் (ஆன் ஆகும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்) அணைத்து வைத்திருப்பார்கள், புதுசு வாங்குவதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

———

நீங்கள் எல்லோரும் உதவி செய்பவர்கள். நான் உதவி வாங்கிக்கொள்ளும் பக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள், எழுபது வயது ஆகப்போகிறது.

என் மகன் வந்தால் நாலு இடத்தில் சடசடவென்று எதையோ தட்டுவான், சரியாகிவிடும், "பார்த்துக்கிட்டீங்களாம்மா?" என்பான். பார்த்துக்கொண்டேன் என்று தலையாட்டுவேன், ஒன்றும் பார்த்திருக்க மாட்டேன். பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்னிடம் இப்படித் தலையாட்டியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். மாடிவீட்டுப் பெண் வேறு மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள், நான் தேடுகிறவரை பேசமாட்டாள். அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது கன்ட்ரோலும் இசட்டும். தப்பாக அடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது.

பிரிண்டர் கூத்து ஒன்று உண்டு. ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்கவேண்டும். கொடுத்தேன், வரவில்லை. மறுபடி கொடுத்தேன், வரவில்லை. கோபத்தில் எத்தனை தடவை கொடுத்தேன் என்றே தெரியாது. அந்தப் பெண் வந்து பார்த்தால் பிரிண்டர் ஒயர் முழுதாகச் செருகப்படவே இல்லை. செருகியதும் ஆரம்பித்தது பாருங்கள், நான் உயிரோடு இருப்பதை அது தாள் தாளாகச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. கொடுத்ததெல்லாம் வரிசையில் காத்திருக்கும், அதைத் திறந்து வேண்டாததை ரத்து செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். ஒரே பிரிண்டர் பெயர் இரண்டாகத் தெரிகிறது, இரண்டாவதில் காப்பி 1 என்று இருக்கிறது. எதை நீக்குவது?

———

திரியை ஆரம்பித்தவன்தான் எழுதுகிறேன். டீச்சர், பிரிண்டர் ஒயரை நீங்கள் வேறொரு யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருப்பீர்கள், விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டது. பிரிண்டரை ஆன் செய்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள், ஒன்றின் படம் மங்கலாக இருக்கும். மங்கலாக இருப்பதை நீக்குங்கள், மற்றதை டிஃபால்ட்டாக வையுங்கள். 'என் டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு மாற்றும். தப்பானதை நீக்கிவிட்டால்கூடப் பரவாயில்லை, ஒயரைக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் தானே திரும்ப வந்துவிடும். செய்துவிட்டு, வந்ததா என்று இங்கேயே எழுதுங்கள்.