ம⁵ + 1/ம⁵ கணக்கில் ± குறி: எப்படிப் புரிய வைப்பது?

கணித ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஒரு கணக்கு, உங்கள் யோசனை வேண்டும்.

ம² − 3ம − 1 = 0 எனில் ம⁵ + 1/ம⁵ எவ்வளவு?

ம = 0 என்று போட்டால் −1 = 0 என வருவதால் ம பூச்சியம் அல்ல. எனவே ம-ஆல் வகுக்கலாம்: ம − 1/ம = 3. வர்க்கப்படுத்தினால் ம² + 1/ம² = 11. இங்கேதான் பலர் 2-ஐக் கூட்டாமல் கழித்து 7 என எழுதுகிறார்கள். ம + 1/ம = 3 என்ற கணக்கைப் போட்டுப் பழகிய கை அது. அடுத்து (ம + 1/ம)² = 13, ஆக ம + 1/ம = ±√13. இதைக் கனப்படுத்தினால் ம³ + 1/ம³ = ±10√13; அதை 11-ஆல் பெருக்கி ம + 1/ம-ஐக் கழித்தால் ம⁵ + 1/ம⁵ கிடைக்கும். பிள்ளைகள் + குறியை மட்டும் எடுத்துக்கொண்டு 109√13 என்று முடித்துவிடுகிறார்கள். சரியான விடை ±109√13.

எனக்குப் பிடித்த வழி படியைக் குறைப்பது. ம² = 3ம + 1 என்பதையே திரும்பத் திரும்பப் போட்டால் ம³ = 10ம + 3, ம⁴ = 33ம + 10, ம⁵ = 109ம + 33. மூலங்களின் பெருக்கல் −1 என்பதால் மற்ற மூலம் ந = −1/ம. ஆகவே கேட்டது ம⁵ − ந⁵ = 109(ம − ந). எந்த மூலத்தை ம என்கிறோமோ அதைப் பொறுத்துக் குறி மாறும் என்பது இதில் கண்ணுக்கே தெரிகிறது.

இதை முதலிலேயே நடத்தலாமா, வர்க்கப்படுத்தும் முறைக்குப் பிறகா? வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு வழியிலும் சிறிய எண்களோடு முடியும் பயிற்சிக் கணக்குகள் இருந்தாலும் பகிருங்கள்.