பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்து வீட்டில் அவசரத்திற்கு எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம்?

மலையடிவாரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பேரையூர் வட்டத்தில், சாப்டூரை அடுத்த ஒரு சிற்றூரில் என் பெற்றோர் இருவர் மட்டும் இருக்கிறார்கள். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அப்பாவுக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் வைக்கும் சிறு குழல்) வைத்திருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை ஆகியவை தினமும் உண்டு. கோடை விடுமுறையில் என் ஆறு வயது மகளும் அங்கேதான் இருப்பாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இன்சுலினுக்காகப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் வந்தால் பேருந்து நின்றுவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் நான் மதுரையிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதே பெரும்பாடு. எனவே வீட்டில் ஒரு கையிருப்பு இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஓராண்டிற்கான மாத்திரைகள், மூன்று வகை ஆன்டிபயாடிக், காயத்தைத் தைக்க ஊசி நூல், ஆக்சிஜன் சிலிண்டர் என்று அது நீள்கிறது. காலாவதித் தேதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்றும் எழுதியிருக்கிறார். இதில் எவ்வளவு நம் ஊருக்குப் பொருந்தும்? எங்கள் பக்கம் பாம்பு அதிகம் என்பதால் விஷமுறிவு மருந்தையும் வாங்கி வைக்கலாமா?

பழைய மருந்தாளுநர்:

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஓராண்டு மருந்து வேண்டாம். வழக்கமாக வாங்குவதற்கு மேல் ஒரு மாத மருந்து கூடுதலாக இருந்தால் நம் பக்கத்தில் வரக்கூடிய எந்தத் தடையையும் தாண்டிவிடலாம். அந்தக் கூடுதல் மருந்தைத் தனியாகப் பூட்டி வைக்கவும் கூடாது. புதிதாக வாங்கியதை உள்ளே வைத்து, உள்ளே இருந்த பழையதை எடுத்துச் சாப்பிட வேண்டும். அரிசிப் பானையில் பழைய அரிசிக்கு மேலே புது அரிசியைக் கொட்டிக்கொண்டே இருந்தால் அடியில் வண்டு விழும் என்பது அம்மாவுக்குத் தெரியும். மாத்திரைக்கும் அதே கணக்குதான்.

முதலில் எதற்குக் கையிருப்பு வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மாத்திரை இல்லாவிட்டால் ஒரு நாள் ஈரத்துணி போட்டுச் சமாளிக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெல்லைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிடக்கூடும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, நீண்டநாள் சாப்பிடும் ஸ்டீராய்டு, அட்டெனோலால் போன்ற இதய மாத்திரைகள், ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவையும் இப்படி நின்றுபோகக் கூடாதவையே. உங்கள் பணமும் கவனமும் முதலில் இவற்றிற்குப் போகட்டும்.

மருத்துவரிடம் போகும்போது, "ஊர் தூரம், ஒரு மாதம் கூடுதலாக எழுதித் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்; பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லி, அதை நகலெடுத்து மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள். வெள்ளம், ஊரடங்கு போன்ற நாள்களில் வழக்கமான கம்பெனி மருந்து கிடைக்காது. மூலப்பெயரும் மில்லிகிராமும் தெரிந்தால் வேறு கம்பெனி மாத்திரையையோ மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் கிடைக்கும் மாத்திரையையோ வாங்கிக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதால், அதில் பெற்றோர் பெயர் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.

கிராமத்துக் கடைகளில் அட்டையைக் கத்தரித்து நாலைந்து மாத்திரையாகக் கொடுப்பது வழக்கம். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் மட்டும்தான் இருக்கும்; கத்தரித்த துண்டில் அது இருக்காது. கையிருப்புக்கு வாங்கும்போது முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மாத்திரையைப் பிதுக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள்.

உங்கள் சித்தப்பா மகன் சொல்லும் காலாவதி விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் மருந்துக் கையிருப்பை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1986 முதல் சோதித்து வந்தது. 2006இல் வெளியான அதன் தொகுப்பில் 122 மருந்துகளின் 3,005 தொகுதிகள் ஆராயப்பட்டு, அவற்றுள் 88 விழுக்காடு, தேதி முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு நீட்டிக்கத் தக்கவை என்று தெரிந்தது. ஆனால் அவை உறை பிரியாமல், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்குகளில் இருந்தவை. நம் ஊர் மாத்திரை அட்டையில் 30 டிகிரிக்குள், சிலவற்றில் 25 டிகிரிக்குள் வைக்கவும் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரியை எட்டும்போது, தகரக் கூரைக்குக் கீழே பரணில் என்ன சூடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே வைத்த மருந்துக்கு அட்டையில் போட்ட தேதிக்கே உத்தரவாதம் இல்லை. சமையலறை அலமாரி, குளியலறை, சாமி விளக்கு எரியும் மாடம், ஜன்னல் திண்டு ஆகியவையும் உதவாது. வடக்குச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், வெயில் படாத அலமாரியில், மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பேத்தி வரும் வீடென்றால் பூட்டும் வேண்டும்.

தினசரி மருந்து போக, பாரசிட்டமால், ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி), காயத்திற்குப் போடும் பெட்டடின், பஞ்சு, காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், கையுறை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டருக்கு உரிய ஸ்டிரிப், மாற்று பேட்டரி ஆகியவை போதும். ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு. பெரியதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் உப்பு மிகையாகிக் குழந்தைக்குக் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைக்கவும் கூடாது. குழந்தைக்கான பாரசிட்டமால் சிரப்பிலும் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் 250 உள்ளதும் விற்கிறது. மகளின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்; நள்ளிரவில் தாத்தா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கரிசல்காட்டு விவசாயி:

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆயினும் ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. தோட்டத்தில் தங்கியிருப்பவர்களுக்கு இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போக வண்டி கிடைப்பதே அரிது. அமாக்சிசிலின் ஐந்து நாளைக்கு, அசித்ரோமைசின் மூன்று நாளைக்கு என்று ஓர் அட்டை வீட்டில் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? கடையில் கேட்டால் கொடுக்கத்தானே செய்கிறார்கள்?

திருமங்கலத்துச் செவிலி:

அண்ணா, கடையில் கொடுப்பதால் அது சரியாகிவிடாது. அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே மருத்துவர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தான். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் நோய் அதற்கு இடம் கொடுக்காது. முதல் மூன்று நாள்களில் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். டெங்குவுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. காட்டுவேலை செய்பவர்களுக்கு உண்ணி வகைப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்கிளின் வேண்டும், அமாக்சிசிலின் கேட்காது. டைபாய்டாக இருந்தாலோ, இரண்டு மாத்திரை போட்டுவிட்டு வருபவரின் ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாமல் போய், சிகிச்சை தள்ளிப்போகும். காய்ச்சலுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது பாரசிட்டமால் மட்டுமே. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கும் என்பதால், உடம்பு வலிக்கு இபுபுரூபென், டைக்ளோபினாக் என்று கொடுக்காதீர்கள். கேள்வி கேட்ட தம்பியின் தந்தை தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர். அவருக்குக் காய்ச்சல் கண்டால் அதைத் தாமாக நிறுத்தாமல், அன்றே மருத்துவரிடம் சொல்லி முடிவு செய்ய வேண்டும்.

பதுக்கல் பிறரை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2020இல் கொரோனாவுக்குக் கேட்கும் என்று ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஆளாளுக்கு வாங்கிக் குவித்தார்கள். முடக்குவாதத்திற்கும் லூபஸ் நோய்க்கும் அதை அன்றாடம் சாப்பிடுபவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். மத்திய அரசு அந்த மார்ச் மாதமே அதை எச்1 பட்டியலில் சேர்த்து, சீட்டும் பதிவேடும் இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட வேண்டிவந்தது.

அடுத்தது பாம்பு. விஷமுறிவு மருந்தை வீட்டில் வைக்கவே கூடாது. அது குளுக்கோஸுடன் கலந்து நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து. தொடக்கத்திலேயே பத்துக் குப்பி அளவுக்குத் தேவைப்படும். ஏற்றும்போது சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு ரத்த அழுத்தம் சரிந்துவிடும் என்பதால், அட்ரினலின் ஊசியும் மருத்துவரும் அருகில் இருக்க வேண்டும். நீங்கள் சேகரித்து வைக்க வேண்டியது தகவலைத்தான். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், பேரையூர், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் இரவிலும் அந்த மருந்து ஏற்றுவார்களா என்று இப்போதே நேரில் கேட்டுவையுங்கள். 108 எண்ணோடு, ஊரில் கார் வைத்திருக்கும் இருவரின் எண்களையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். கடிபட்டால் கயிற்றால் இறுகக் கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. மெட்டி, வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, கடித்த கை அல்லது காலை ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வண்டியில் ஏற்றுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று எழுந்தால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

நாய்க்கடிக்கும் வீட்டிலிருக்க வேண்டியது சோப்புதான். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். தையல் ஊசி, ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மலையடிவாரத்தான்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. அட்டையின் முனை பற்றிய விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்சுலின் பற்றி மட்டும் இன்னும் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் காற்றடித்தால் மின்சாரம் போய்விடும். சில சமயம் மறுநாள்தான் வரும். ஒரு மாதக் குப்பிகளை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அத்தனையும் கெட்டுப்போனால் என்ன செய்வது?

மேலூர்க்காரி:

நானே பல வருடமாக இன்சுலின் போடுபவள் என்பதால் சொல்கிறேன். பிரிக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்த குப்பியை வெயில் படாத இடத்தில் 25, அதிகம் போனால் 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் வகைக்கான கணக்கு இருக்கும். எனவே ஒரு நாள் மின்சாரம் போனதால் எல்லாம் பாழாகிவிடாது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தாலே பல மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். உறைநிலைதான் பெரிய எதிரி. ஐஸ் அறைக்கு அடியிலோ ஐஸ் கட்டியை ஒட்டியோ வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் அதைப் போடக் கூடாது.

நீண்ட மின்தடைக்கு மண்பானை நன்றாக உதவும். மானாமதுரைப் பானை ஒன்றை வாங்கி, பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு சிறு மண்கலயத்தை இறக்கி, குப்பிகளை நெகிழிப் பையில் சுற்றிக் கலயத்தில் வைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வைத்தால் தண்ணீர் கசிந்து ஆவியாகி, வெளிவெப்பத்தை விடச் சில டிகிரி குறைவாகவே உள்ளே இருக்கும். வறண்ட கோடையில் இது நன்கு வேலை செய்யும். மழைக்கால ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெயிலும் இருக்காது. ஃபிரிட்ஜுக்கு இது ஈடாகாது என்பதால், இப்படி வெளியே வைத்த குப்பியைப் பிரித்ததாகவே கணக்கிட்டு, வெளியே எடுத்த தேதியை அதன்மேல் எழுதிவிடுங்கள்.

உங்கள் அம்மா போடும் 30/70 இயல்பிலேயே கலங்கலாக இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிய பிறகும் திட்டுத்திட்டாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது கெட்டுவிட்டது. தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கினாலும் அப்படியே. சந்தேகமாக இருந்தால் குளுக்கோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். ஊசி, சிரிஞ்சுகளையும் இன்சுலின் தீரும் கணக்கிலேயே வாங்கி வையுங்கள். மருந்து இருந்தும் சிரிஞ்சு தீர்ந்துபோகிற வீடுகள் உண்டு. சர்க்கரை தாழ்ந்தால் உடனே கொடுக்க ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கட்டாயம் இருக்கட்டும். வெள்ளம், புயல் என்று சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிட்டு மயங்குவதும் நடக்கிறது. சாப்பிடாத நாளில் எத்தனை யூனிட் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மருந்தாளுநர்:

மேலூர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கெட்டுப்போன இன்சுலினையும் காலாவதியான மாத்திரைகளையும் அட்டையோடு குப்பையில் போடாதீர்கள். பொறுக்குகிறவர் கையிலோ குழந்தைகள் கையிலோ போய்ச் சேரும். கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மாத்திரைகளைப் பிதுக்கி, காப்பித்தூள் சக்கையோடோ ஈர மண்ணோடோ பிசைந்து, உறையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். கிணற்றிலோ கண்மாயிலோ கொட்டவே கூடாது. போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடியை ஒட்டி, அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போகும்போது அங்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.