அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்மோக்கி ஜோ உட்டுக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல (சாதனை வீரர்களைச் சேர்த்துக் கௌரவிக்கிற மண்டபம்) இடம் உண்டா, இல்லையா?

மைதானக்கிறுக்கன்:
1912ல பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குப் பிட்சரா (பந்து போடுறவர்) உட் எடுத்தது 34 ஜெயம், 5 தோல்விதான். 258 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை வெளியேத்துறது). செப்டம்பர் 6ல பாஸ்டனோட ஃபென்வே மைதானத்துல, வாஷிங்டன் பிட்சர் வால்டர் ஜான்சனோட நேருக்கு நேர் நின்னு 1-0ன்னு ஜெயிச்சார். சாம்பியனை முடிவு பண்ற வேர்ல்ட் சீரிஸ்ல மட்டும் மூணு ஜெயம். அப்ப வயசு 22. இன்னும் வெளியவே நிக்க வச்சிருக்காங்க!

கணக்குப்பிள்ளை:
ஒரு வருஷத்தை வச்சுக் கோயில் கட்ட முடியாதுண்ணே. பிட்சரா மொத்தமே 117 ஜெயம். ஜான்சன் 417. 1913ல ஈரப் புல்லுல வழுக்கிக் கட்டைவிரலை உடைச்சுக்கிட்டார், அதுலேர்ந்து தோள்வலி. பாவம்தான், ஆனா பாவம் பார்த்தா இடம் குடுப்பாங்க?

மைதானக்கிறுக்கன்:
அந்த வலியோடதான் 1915ல 15-5, இஆர்ஏ (பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்டுக்கொடுத்த ரன்) 1.49, லீக்லயே கம்மி. சரி, கிளீவ்லண்ட் பிட்சர் ஆடி ஜாஸை எப்படி ஹால் ஆஃப் ஃபேம்ல எடுத்தாங்க? பத்து சீசன் ஆடணும்னு விதி, அவர் ஆடுனது ஒன்பது. விதியைத் தளர்த்தி 1978ல சேர்த்தாங்களே?

கணக்குப்பிள்ளை:
ஜாஸ் 160 ஜெயம், வாழ்நாள் இஆர்ஏ 1.89. 1908 அக்டோபர் 2, டெட்ராய்ட், கிளீவ்லண்ட், சிகாகோ மூணும் லீக் பட்டத்துக்கு முட்டிக்கிட்டு நின்ன கடைசி வாரம். எதிர்ல சிகாகோ பிட்சர் எட் வால்ஷ் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்றார். ஜாஸ்கிட்ட 27 பேர் வந்தாங்க, ஒருத்தன்கூட முதல் பேஸை மிதிக்கலை. 1-0ன்னு ஜாஸுக்கு ஜெயம். பத்தாவது சீசன்ல ஆடுறதுக்கு முன்னாடியே, 1911 ஏப்ரல்ல, மூளைக்காய்ச்சல்ல 31 வயசுலயே போயிட்டார். அதுக்குத்தான் விதி தளர்ந்துது. உட்டுக்கு விதி தடையே இல்லை, 14 சீசன் ஆடியிருக்கார். ஓட்டுதான் விழலை.

பழையஸ்கோர்ஷீட்:
அந்த 14 எப்படி வந்துதுன்னு சொல்லுங்க தம்பி. கை போனதும் மனுஷன் மூட்டை கட்டலை. கிளீவ்லண்ட்ல அவுட்ஃபீல்டரா (வெளி மைதானத்துல பந்து பிடிக்கிறவர்) திரும்பி வந்தார். 1921ல பேட்டிங் சராசரி .366, அடுத்த வருஷம் 92 ஆர்பிஐ (அவர் பேட்டிங்கால அணிக்குக் கிடைச்ச ரன்).

கணக்குப்பிள்ளை:
.366 வெறும் 66 ஆட்டத்துல சார். அரை பிட்சர், அரை பேட்டர். கூட்டினா ஒண்ணாயிடுமா?

மைதானக்கிறுக்கன்:
என் கணக்குல ஆகும். இன்னொண்ணு. ஜாஸ் குடும்பத்துக்குப் பணம் திரட்ட 1911 ஜூலை 24ல கிளீவ்லண்ட்ல ஒரு ஆட்டம் வச்சாங்க. டை காப், ஜான்சன், ஸ்பீக்கர்னு அந்தக் கால நட்சத்திரங்க எல்லாரும் வந்தாங்க. அங்க பந்து போட்டவங்கள்ல உட்டும் ஒருத்தர். அஞ்சே நாள்ல செயின்ட் லூயிஸுக்கு எதிரா உட் போட்டது நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் குடுக்காத ஆட்டம்).

கணக்குப்பிள்ளை:
நல்ல மனுஷன், ஒத்துக்கிறேன். 117ஐ என்ன பண்றது?