6 அடி 3 அங்குல ஆளுக்கு 300 பவுண்டில் ரோடு பைக்

கேள்வி: சொந்த ஊர் கேரள எல்லையோரப் புளியரை. படிக்க இங்கிலாந்தில் ஷெஃபீல்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பஸ்ஸுக்குக் கொடுத்து மாளவில்லை, ஒரு ரோடு பைக், அதான் வளைந்த ஹேண்டில் வைத்த வேக சைக்கிள், வாங்கலாம் என்று பார்க்கிறேன். உயரம் 6 அடி 3 அங்குலம், கையில் 300 பவுண்டு. அண்ணாச்சிமார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, எனக்குச் செங்கோட்டை. லீட்ஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். 300 பவுண்டு என்றதும் மனசு ரூபாயில் பெருக்கி முப்பதாயிரத்தைத் தாண்டுகிறதே என்று பதறும். இங்கே அந்தக் காசுக்குப் புதிய ரோடு பைக் என்று தேடினால் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. பழைய வண்டி என்றால் நல்லதாகவே கிடைக்கும். உயரமானவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு: பெரிய சைஸ் வண்டி எப்போதாவதுதான் விற்பனைக்கு வரும், ஆனால் வந்தால் போட்டிக்கு ஆள் இருக்காது. பேரம் பேசலாம். குளிர்காலத்தில் இன்னும் இறங்குவார்கள்.

பிராண்டையும் கியரையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃபிரேம் சைஸ். ஊரில் ஆள் உயரம் என்றால் 24 இன்ச் வண்டியை எடுத்துச் சீட்டை ஏற்றிக்கொள்வோம், அதோடு முடிந்தது. ரோடு பைக் குனிந்து ஓட்டும் வண்டி. சிறிய ஃபிரேமில் சீட்டை ஏற்றிக்கொண்டே போனால் ஹேண்டில்பார் கீழே தங்கிவிடும். மணிக்கட்டும் கழுத்தும் வலித்துப் பின்னிவிடும். திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கவும் செய்யும். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பான், அது வெளியே தெரிகிற அளவுக்கு இழுத்து ஓட்டவே கூடாது, ஃபிரேமே விட்டுப்போகலாம்.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே முட்டும்வரை நிமிர்த்திப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை எவ்வளவோ அதுதான் கால் உயரம். 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 0.66 ஆல் பெருக்கினால் 59.4, அதாவது 59, 60 செ.மீ. ஃபிரேம். 0.883 ஆல் பெருக்கினால் 79.5, பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை வரவேண்டிய உயரம் அது. ஓட்டிப் பார்த்து அரை செ.மீ., ஒரு செ.மீ. முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஃபிரேமில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 60 என்பது பழைய காலத்து நேர் மேல்கம்பி வண்டிகளுக்குச் சரி. இப்போது மேல்கம்பி சரிந்து வருகிறது, ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியின் எல் மாதிரி இருக்கும். மாடல் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினால் அளவு அட்டவணை கிடைக்கும். அதில் ஸ்டேக் என்பது பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் தலை வரையுள்ள உயரம். ரீச் என்பது அதே அச்சிலிருந்து அந்தத் தலை வரை முன்பக்கமாக உள்ள நீளம். உங்கள் உயரத்துக்கு ஸ்டேக் 600 மி.மீ.க்கு மேல் இருந்தால் நிம்மதி. ஜயன்ட் டிஃபையின் பழைய அலுமினிய மாடல்கள், டிரெக் டொமேன் போன்றவை நெடுந்தூரத்துக்கென்று முன்பக்கம் உயர்த்திச் செய்தவை. ரேஸ் வண்டிகளைவிட உங்களுக்கு அவை தோது.

ஷெஃபீல்டில் மேடு அதிகம் என்பதை இந்நேரம் கண்டிருப்பீர்கள். நம்ம மலைப்பாதை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போன கால் என்றாலும், முன்னால் இரண்டு வட்டில் 53/39 பல் போட்ட ரேஸ் வண்டியில் தினமும் பையைச் சுமந்துகொண்டு ஏறுவது தண்டனை. 50/34 பாருங்கள், பின்னால் பெரிய வட்டில் 32 பல் இருந்தால் நல்லது. ஷிமானோ கம்பெனியின் கியர் செட்டுகளில் பின்னால் கிளாரிஸுக்கு 8 கியர், சோராவுக்கு 9, டியாக்ராவுக்கு 10. காலேஜுக்குப் போய்வர கிளாரிஸே தாராளம், செயினும் மலிவு.

பழைய வண்டி பார்க்கப் போனால் உயரக்காரர் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, சீட் கம்பி அசைகிறதா என்பது. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். வருடக்கணக்கில் கழற்றாத கம்பி ஃபிரேமோடு பிடித்துக்கொண்டுவிடும். குள்ளமானவர் ஓட்டிய வண்டியில் அது பிடித்திருந்தால் உங்களுக்கு உதவாது. விற்பவர் முன்னாலேயே தளர்த்தி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல்குழாய். ஹேண்டில்பாரைத் தாழ்த்துவதற்காக அதை அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. அறுத்ததை ஒட்ட முடியாது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டான ஸ்டெம்முக்குக் கீழே இரண்டு மூன்று வளையம் இருக்கிறதா பாருங்கள். வளையமே இல்லாமல் ஸ்டெம் அடியில் உட்கார்ந்திருந்தால் உயர்த்த அதிகம் வழியில்லை. நட்டு போட்ட பழைய இரும்பு வண்டிகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஸ்டெம்மைத் தளர்த்தி ஓரளவு இழுத்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் வழக்கமான சோதனைதான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் கோட்டம் பாருங்கள். கீழ்க்கம்பி ஹேண்டில் குழாயோடு சேருமிடத்தில் பெயின்ட் வெடித்திருந்தால் வேண்டாம். செயினில் ஒரு முள்ளில் ஸ்கேலை வைத்தால் 24 கண்ணி தள்ளி உள்ள முள் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரைக்கால் அங்குலம் தாண்டியிருந்தால் செயினோடு பின்பல்லுக்கும் சேர்த்துச் செலவு வரும், அதை விலையில் கழித்துக் கேளுங்கள். உயரத்துக்கேற்ற எடையும் இருந்தால் பின்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் கம்பி, 28 மி.மீ. டயர் நுழையும் இடைவெளி, இரண்டும் அவசியம். மலிவாக வருகிற பழைய கார்பன் ஃபிரேமை மட்டும் தொடாதீர்கள். உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.

இன்னொரு பதில்: கோவென்ட்ரியிலிருந்து எழுதுகிறேன், எனக்கும் ஆரியங்காவு பக்கம்தான். அண்ணாச்சி பூட்டை விட்டுவிட்டார். 300இல் 40 பவுண்டாவது பூட்டுக்கு ஒதுக்குங்கள் தம்பி. பூட்டின் பலத்தைச் சோதித்துக் கொடுக்கும் சோல்டு செக்யூர் கோல்டு முத்திரை உள்ள டி-லாக், அதாவது டி வடிவ இரும்புப் பூட்டு, வாங்குங்கள். கம்பி வயர் பூட்டை ஒரு நொடியில் வெட்டிவிடுவான். வாங்கும் முன்பே ஃபிரேம் எண்ணைக் கேட்டு வாங்கி பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டுப் பாருங்கள், திருட்டு வண்டி என்று பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும், இலவசம்தான். டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும்; முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு லைட் சட்டப்படி கட்டாயம். நடைபாதையில் ஓட்டக் கூடாது. வேலைக்கு வந்தவர்கள் இதைப் படித்தால், கம்பெனியில் சைக்கிள் டு வொர்க் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், சைக்கிளுக்கான காசைச் சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடிப்பார்கள். மாணவர்களுக்கு அது கிடையாது.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. இங்கே அநேகமாக எல்லா ஊரிலும் மலையாளி அசோசியேஷன் இருக்கும், நர்ஸ் குடும்பங்கள் அவ்வளவு. வீடு மாறுகிறவர்கள் சைக்கிள், மேசை, அரிசிப்பானை வரை வாட்ஸ்ஆப்பில் கைமாற்றுவார்கள். இரண்டு வார்த்தை மலையாளத்தில் பேசினால் விலை தானாக இறங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ரொம்ப நன்றி. அளந்தேன், கால் உயரம் 91 செ.மீ. இரண்டு விளம்பரம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கார்பன் ஃபிரேம், டியாக்ரா, சைஸ் 56, 280 பவுண்டு, பார்க்க அப்படியே புதுசு. மற்றது அலுமினியம், கிளாரிஸ், சைஸ் 60, 220 பவுண்டு, இரண்டு மூன்று கீறல். முதலாவதில் சீட்டை ஏற்றிக்கொண்டால் ஆகாதா?

பதில்: ஆகாது. 91 என்றால் உங்களுக்கு வேண்டியது 60. கீறல் விழுந்தால் விழட்டும், அது உங்களைச் சுமக்கும். சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் போங்கள், 5 மி.மீ. ஆலன் கீ (ஆறுபட்டைத் திருகுச் சாவி) ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் சீட் கம்பியை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் 190இல் பேச்சை ஆரம்பியுங்கள்.