பேசாத பாகுபலிக்கு உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் எங்கட ஊர்ப் பெடியளோடு சேர்ந்து, 2015இல் வந்த ‘பாகுபலி’யைப் பத்து நிமிட ஊமைப்படமாக எடுக்கிறோம். கறுப்பு வெள்ளை, வசனத்துக்குப் பதில் இடையிடையே எழுத்து அட்டை. அருவிக்கு, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தபோது போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. (வன்னியில் வேறு அருவிக்கு எங்கே போவது!)

சிக்கல் வேகத்தில்தான். பழைய ஊமைப்படங்கள் பலவற்றைக் கையால் சுற்றி, நொடிக்கு 16, 18 பிரேம் அளவில் எடுத்தார்கள். பிறகு 24இல் ஓட்டும்போதுதான் ஆட்கள் விறுவிறுவென்று நடக்கிறார்கள். நாங்கள் 24இல் எடுத்ததை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். சிவலிங்கத்தைத் தோளில் தூக்கி வருகிற காட்சி, மழை வருமுன் நெல்மூட்டையை வீட்டுக்குள் ஏற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. லிங்கம் ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைக்கட்டி, தெர்மோகோல்) என்பதும் அப்பட்டமாகத் தெரிகிறது.

அந்தக் காட்சியை மட்டும் மெதுவாக விடலாமா, இல்லை முழுப்படமும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டுமா? எடிட்டிங் தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

மற்றது, திரையிடும்போது பக்கத்தில் இருந்து வாசிக்க ஒரு ஆர்மோனியக்காரர் வேண்டும். கூத்துக்கு வாசித்தவர் என்றால் இன்னும் நல்லது. உடுக்கு எங்களிடம் இருக்கிறது. சாப்பாடும் பஸ் காசும் எங்கள் பொறுப்பு.